கூகுள் ஷீட்ஸ்: மூட்டை எண்ணிக்கைக்குத் தகுந்தபடி ஒரே வரி திரும்பத் திரும்ப வரவேண்டும்

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் மூட்டைகளுக்குச் சீட்டு அச்சடிக்க வேண்டும். ஏ நெடுவரிசையில் விவசாயி எண், பி-யில் பெயர், சி-யில் மூட்டை எண்ணிக்கை. சி-யில் 12 என்றிருந்தால் அந்த வரி 12 தடவை கீழே வரவேண்டும்.

முதலில் ரெப்ட் (எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது), ஜாயின் (ஒன்றாகச் சேர்ப்பது), ஸ்ப்ளிட் (பிரிப்பது) என்ற மூன்று ஃபங்ஷனையும் சேர்த்துப் போட்டேன். வரத்து கூடியதும் 50,000 எழுத்து வரம்பைத் தாண்டிவிட்டது என்று பிழை காட்டியது. அப்புறம் சீக்வென்ஸ் (வரிசை எண்கள் தருவது), ஃப்ளாட்டன் (எல்லாவற்றையும் ஒரே நெடுவரிசையாக்குவது) வைத்து மாற்றினேன். வரிகள் சரியாகவே விழுகின்றன. ஆனால் கடைசியில் ஸ்ப்ளிட் செய்யும்போது விவசாயி எண் 0047 வெறும் 47 ஆகிவிடுகிறது. சீட்டில் நான்கு இலக்கமும் இருந்தால்தான் கணக்கு ஒட்டும். ஏ-யைப் பிளெயின் டெக்ஸ்ட் ஆக்கியும் பலனில்லை. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்ஸுக்கு நிரல் எழுதுவது) பக்கம் போகிற அளவுக்கு எனக்குத் தெரியாது.

ஸ்ப்ளிட் இல்லாமலே, ஒரே அரே ஃபார்முலாவில் (பல கட்டங்களை ஒன்றாக நிரப்பும் ஃபார்முலா) மூன்று நெடுவரிசையையும் அப்படியே திருப்பிப் போட வழி இருக்கிறதா?