மறு: படைக்கு ஆளும் தளவாடமும் ஏற்றும் விமானம் – தமிழில் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கலைச்சொல் தேடும் மடல் இழை நீண்டுவிட்டது. 'போக்குவரத்து விமானம்', 'சரக்கு விமானம்', 'துருப்புக்காவி' என்று மூன்று முன்மொழிவுகள் வந்து நிற்கின்றன. மூன்றிலும் எனக்குக் குறை தெரிகிறது. ஏன் என்று சொல்ல, இந்த விமானம் வளர்ந்த கதைக்குள் கொஞ்சம் போக வேண்டியிருக்கிறது.

> செய்திகளில் 'இராணுவப் போக்குவரத்து விமானம்' என்று வந்துகொண்டுதானே இருக்கிறது? புதிதாக எதற்கு?

வருகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் போக்குவரத்து என்றால் போவதும் வருவதும். வழித்தடம், நேரம், நிலையம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தொடக்க காலத்துக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்தது. 1928 கடைசியில் காபூலில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது, பிரிட்டிஷ் விமானப்படையின் விக்கர்ஸ் விக்டோரியா போன்ற விமானங்கள் குளிர்காலத்தில் மலை தாண்டிப் போய் 586 பேரைப் பெஷாவருக்கு அழைத்து வந்தன. 1936இல் மொராக்கோவில் சிக்கியிருந்த ஸ்பானியத் தளபதி பிராங்கோவின் படைகளைக் கடல் தாண்டி ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது ஜெர்மனியின் யுங்கர்ஸ்-52. அது அடிப்படையில் பயணிகள் விமானம். டகோட்டாவும் அப்படித்தான், 1935இல் பறந்த டிசி-3 என்ற பயணிகள் விமானத்துக்குப் படை உடுப்பு மாட்டியது.

டகோட்டாவின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், சிக்கல் புரியும். வால்சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதால் உள்ளே தரை பின்பக்கமாகச் சரிந்து கிடக்கும். கதவு இடது விலாவில், மனிதன் நெஞ்சு உயரத்தில். ஒரு ஜீப்பை ஏற்றவேண்டுமானால் பலகை போட்டு மேலே தள்ளி, கதவுக்குள் நுழைந்ததும் குறுகலான இடத்தில் திருப்பி, அப்புறம் ஏற்றத்தில் மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். ஆள் ஏற இறங்க அந்தக் கதவு போதும். 1947 அக்டோபர் 27 காலையில் டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு முதல் சீக்கியப் படையணி போய் இறங்கியது டகோட்டாக்களில்தான். அவற்றில் தனியார் நிறுவனங்களிடமிருந்து வாங்கியவையும் இருந்தன. அடுத்த மே மாதம் விமானப்படை அதிகாரி மெஹர் சிங் அதே டகோட்டாவில் தரைப்படைத் தளபதி திம்மையாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் 11,000 அடி உயர லேயில் போய் இறங்கியதைப் பற்றித் தனி மடலே எழுதலாம். ஆனால் பீரங்கி வேண்டும், லாரி வேண்டும் என்று படை கேட்டால் டகோட்டா கையை விரித்துவிடும்.

அந்த இடத்தில்தான் இந்த விமானம் பயணிகள் விமானத்தை விட்டு விலகித் தனி இனமாகிறது. ஜெர்மனியின் அராடோ-232 போர்க்காலத்திலேயே வழியைக் காட்டியது: இறக்கை மேலே, தரை தாழ்வாக, பின்பக்கம் கதவு, வயிற்றுக்கடியில் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள். மொத்தமே இருபது சொச்சம்தான் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டியது 1954 ஆகஸ்டில் முதலில் பறந்த அமெரிக்காவின் சி-130. இறக்கையை முதுகின்மேல் வைத்ததால் அதன் உத்தரம் அறைக்குள் குறுக்கே வராது. சக்கரங்கள் விலாப்புடைப்புக்குள் மடங்குவதால் தரையில் மேடு இல்லை. தரை மண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், அதாவது லாரித் தட்டின் மட்டம். பின்னால் திறந்தால் வால் அடியே சாய்தளமாக இறங்கும். வண்டி நேராக ஓடி உள்ளே போய்விடலாம். மண் ஓடுதளமானாலும் இறங்கும். 92 வீரர்களும் ஏறலாம், அதே அறையில் பீரங்கியும் ஏறலாம். எழுபது ஆண்டு ஆகியும் அதன் புது வடிவத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2013 ஆகஸ்டில் நம் விமானப்படையின் சி-130ஜே, லடாக்கில் 16,614 அடி உயரத்தில் இருக்கும் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கியது.

அப்புறம் வந்தவை பெரும்பாலும் இந்த உருவத்தின் பெருக்கல்தான். டகோட்டா மூன்று டன்னுக்குள் சுமந்தது. சி-17 ஏறக்குறைய 77 டன் சுமக்கிறது. இல்யூஷின்-76க்கு நம் விமானப்படை 'கஜராஜ்' என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

> சரக்கு விமானம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். முடிந்தது வேலை.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய நம் விமானப்படையின் ஆண்டனோவ்-32 வங்கக் கடலில் காணாமல் போனது. அதில் 29 பேர் இருந்தார்கள். 'சரக்கு விமானம் மாயம்' என்று தலைப்புப் போட்டால் அந்த 29 பேருக்கும் அதில் இடமே இல்லை. சரக்கு விமானம் என்ற சொல் விமான நிலையக் கூரியர் விமானங்களுக்கு ஏற்கெனவே வேலை செய்கிறது. அதை அங்கேயே விடலாம். (அந்த ஆண்டனோவ்-32, வெப்பமும் உயரமும் சேர்ந்த நம் தேவைக்காகவே உருவானது. எஞ்சின்களை இறக்கையின் மேல் தூக்கி வைத்திருப்பது பெரிய சுழலிகள் தரையைத் தொடாமல் இருக்க. படத்தில் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம்.)

> எங்கட பக்கம் 'துருப்புக்காவி' பழகின சொல். காவுதல் நல்ல தமிழ்தானே?

யாழ்ப்பாண நண்பரே, நல்ல தமிழ்தான். காவடியில் இருப்பதும் அதுதான், தோளில் சுமப்பது. ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, உங்கள் பக்கம் அந்தச் சொல் தரையில் ஓடும் கவச வண்டிக்குப் போய்விட்டது. துருப்பு என்றால் தளவாடம் விட்டும் போகிறது. இரண்டு, தமிழ்நாட்டில் காவி என்றால் நிறம். காவு என்றால் பலி. 'படைகாவி' என்று எழுதினால் இங்கே வேறு சண்டை தொடங்கிவிடும், நாம் கலைச்சொல்லை மறந்துவிடுவோம்.

நீங்கள் முந்தைய மடலில் சொன்ன 'சகடை', அதாவது போர்க்காலத்தில் குண்டு போட வந்த சரக்கேற்றும் விமானத்துக்கு உங்கள் மக்கள் வைத்த பெயர், என்னை நிறுத்தி வைத்தது. சரக்கேற்றும் விமானத்தின் பின்கதவிலிருந்து குண்டை உருட்டிவிடுவது இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. 1971 டிசம்பரில் நம் ஆண்டனோவ்-12கள் பாகிஸ்தானில் சங்கா மங்கா காட்டுக்குள் இருந்த வெடிமருந்துக் கிடங்கின்மேல் அப்படித்தான் குண்டு தள்ளின. இலங்கை வைத்திருந்த வை-8, அதே ஆண்டனோவ்-12இன் சீன வடிவம். 1962 சீனப் போரின்போது லடாக்கின் சுஷூலுக்கு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை ஏற்றிப்போனதும் இந்த ஆண்டனோவ்-12தான். 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதி போட்டது நம் ஆண்டனோவ்-32. அறை ஒன்றுதான்; உள்ளே என்ன ஏற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. 'சகடை' மக்கள் வாயிலேயே பிறந்த சொல் என்பதில் எனக்கு மதிப்பு உண்டு. அந்த ஒலிக்குப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களின் சொல்லை எடுத்துப் பொறியியல் அகராதியில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: படைச்சுமை விமானம்.

வீரன், பீரங்கி, அரிசி மூட்டை, வான்குடை, காயம்பட்டவன் எல்லாமே சுமைதான். லாரிக்குச் 'சுமையுந்து' என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதனோடு குடும்பமாகவும் நிற்கும். ஈழத்திலும் இங்கும் பொருள் மாறாது. 'வானூர்தி' வேண்டுவோர் படைச்சுமை வானூர்தி என்று எழுதிக்கொள்ளலாம். எனக்கு வழக்கில் இருக்கும் விமானமே போதும்.

> ஆளைச் சுமை என்பது மரியாதைக் குறைவு இல்லையா?

இல்லை அம்மா. பிள்ளையைச் சுமந்தாள் என்றுதான் சொல்கிறோம். 'படைச்சுமை' தனியாக வந்தால் பட்ஜெட் செலவு மாதிரி தொனிக்கும் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்கிறேன். தனியாக எழுத வேண்டாம், விமானத்தோடு சேர்த்தே எழுதலாம்.

கூடவே இரண்டு சொற்களையும் முடித்துவிடலாம். பின்பக்கம் இறங்கும் தகட்டுக்கு 'சாய்தளம்'; மாற்றுத்திறனாளிகளுக்காக அலுவலக வாசல்களில் அமைப்பதற்கு நாம் சொல்லும் சொல்லே போதும். ஒரு முற்றுகைக்குள் மாதக்கணக்கில் வானிலேயே பொருள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு 'வான்பாலம்'. 1948–49இல் பெர்லினுக்கு 23 லட்சம் டன் நிலக்கரியும் உணவும் பறந்து போனபோது ஜெர்மானியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். தமிழிலும் உறுத்தாமல் உட்காருகிறது.

மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். 'போக்குவரத்து'க்காக வாதாட விரும்புவோர், டகோட்டாவுக்குப் பிந்தைய விமானம் ஒன்றை வைத்து வாதாடினால் நல்லது. மறுப்பு வராவிட்டால் மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.