தார் பூசாத வெட்டு

தேக்கா வாசி: சிங்கப்பூர்த் தேக்காவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தில் தொடைப் பருமனுள்ள கிளையை அறுத்துவிட்டு, வெட்டுவாயில் ஒரு பொட்டுத் தார்கூடப் பூசாமல் போய்விட்டார்கள். இனி மழைநீர் இறங்கி மரம் அழுகும். அப்பட்டமான சோம்பேறித்தனம்.

கிளையேறி: பதினெட்டு ஆண்டுகளாகக் கயிற்றில் தொங்கிக் கிளை அறுக்கிறேன். வாரம் ஒருவராவது கீழே நின்று இந்தத் தார்க் கதையைச் சொல்லிவிடுகிறார். தார் அழுகலைத் தடுக்காது. ஈரத்தை உள்ளே பூட்டிப் பூஞ்சைக்கு விருந்து வைக்கும். அமெரிக்க மர நோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். மரம் புண்ணை ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது என்று காட்டினார். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டை போல ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல் வெளியே அறுத்திருக்கிறார்களா? அதைப் போய்ப் பாருங்கள்.

தேக்கா வாசி: தடிப்பை யார் கேட்டார்கள்? தார் பூசினார்களா, இல்லையா?

பொன்னாங்கண்ணி: எங்கள் தாத்தா பட்டுக்கோட்டையில் மாமரத்துக்குச் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்புவார். ஐம்பது ஆண்டு காய்த்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களா?

கிளையேறி: சாணம் அப்பியதால் காய்த்ததா, அப்பியும் காய்த்ததா அம்மா?

பொன்னாங்கண்ணி: நான் உங்களுக்கு அம்மா இல்லை. போன மாதம் முருங்கை விவாதத்திலும் இதே ஏளனம்தான். மறக்கவில்லை.

ஈசூன்காரன்: நம் ஐந்து வெள்ளி நோட்டில் தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரம் இருக்கிறதே, அதற்கு யார் தார் பூசினார்கள்? போகட்டும், ‘தூங்குமூஞ்சி’ என்பதை முதலில் விடுங்கள். மழைமரம் என்று அழகான பெயர் இருக்கிறது.

தேக்கா வாசி: மாலையானால் இலையை மடக்கித் தூங்குகிற மரத்தை வேறு எப்படி அழைப்பது? மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். அவர்களிடமும் போய்த் திருத்துங்கள். அந்தத் தெம்புசுவின் கிளைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் மரத்துக்கு ஒரு டப்பா தாருக்கு வழியில்லையா?

கிளையேறி: முட்டு வேறு, தார் வேறு! 2017இல் அதே பூங்காவில் 270 வயதைத் தாண்டிய இன்னொரு தெம்புசு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அழுகல் வெளியே தெரியாத அடிப்பகுதியில் இருந்தது. நான் மரமேறும் முன் அடிமரத்தைச் சுற்றிவந்து சுத்தியலால் தட்டுவேன். நல்ல இடம் ‘டக்’ என்னும். பொந்து விழுந்த இடம் தவில் போல முழங்கும். அந்த முழக்கம் கேட்ட நாளில் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவேன். எந்தத் தாரும் அங்கே போய்ச் சேராது.

ஈசூன்காரன்: 1876இல்தான் இந்த மரம் சிங்கப்பூருக்கே வந்தது. தென்னமெரிக்க மரத்துக்குத் தமிழில் வசைப்பெயர்!

தேக்கா வாசி: தவில், கயிறு, சுத்தியல் எல்லாம் கேட்டாயிற்று. தார் பூசவில்லை என்பதை மட்டும் யாரும் மறுக்கவில்லை. சனிக்கிழமை நானே ஏணி போட்டுப் பூசுகிறேன்.

கிளையேறி: ஏணியா? கீழே பிடிக்க ஆளாவது உண்டா?

பொன்னாங்கண்ணி: தார் எதற்கு? பொங்கலுக்குத் தேக்காவில் மாடு கட்டியபோதே சாணம் எடுத்துவைத்திருக்கலாம்.