ஏஜென்ட் இல்லாமல் பாரிஸ், சுவிஸ், ரோம்: எதை முதலில் செய்வது?

மலர்_கோவை:
வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் நால்வர் ஐரோப்பா போகிறோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகளுக்கு 14, 9 வயது. கையில் 13 இரவுகள். பேக்கேஜ் டூர் வேண்டாம். தினமும் விடிந்ததும் பெட்டி கட்டிப் பஸ் ஏறுவது பிள்ளைகளுக்கு ஒத்துவராது. நினைத்திருக்கும் ஊர்கள் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸின் இன்டர்லாகன், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். விசா முதலில் என்கிறார் ஒருவர், விமான டிக்கெட் முதலில் என்கிறார் இன்னொருவர். எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது? ரயில் பாஸ் வாங்கலாமா? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறது. அது எங்காவது இடிக்குமா?

தண்டவாளம்:
விசாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. முதலில் ஒரு தாளில் எந்த ஊரில் எத்தனை இரவு என்று எழுதுங்கள். மற்ற எல்லாமே அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

13 இரவுக்கு ஆறு ஊர் அதிகம். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஆறு ஊர் என்றால் ஐந்து இடமாற்றம், அதாவது ஐந்து அரை நாட்கள் பெட்டியோடு போய்விடும். ஆம்ஸ்டர்டாமையும் வெனிஸையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஃப்ளாரன்ஸ் ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். காலையில் போய் இரவு திரும்பலாம்.

விசாவில் பலர் சறுக்குவது இங்கேதான். ஷெங்கன் விசாவை (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லும் ஒரே விசா) அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். கணக்கு நாட்டுக்கு, ஊருக்கு அல்ல. பாரிஸ் 4, இன்டர்லாகன் 4, ஃப்ளாரன்ஸ் 2, ரோம் 3 என்று போட்டால் முதலில் இறங்குவது பாரிஸாக இருந்தாலும் இத்தாலிக்கு 5 இரவு, எனவே இத்தாலியிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. சந்தேகத்துக்கே இடம் வேண்டாம் என்றால் பாரிஸ் 5, இன்டர்லாகன் 4, ரோம் 4. பிரான்ஸ் என்று தெளிவாகிவிடும்.

விமானத்தைப் போக பாரிஸ், வர ரோம் என்று 'மல்டி சிட்டி'யில் தேடுங்கள். பாரிஸுக்கே திரும்பி வந்து ஏறுவதில் ஒரு நாளும் ரயில் காசும் வீண். முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முகப்படம் எடுத்துப் பதிவு செய்வதால் வரிசை நகரச் சற்று நேரமாகும். அங்கே மாறுவதற்கு ஒரு மணி நேர இடைவெளி போதாது, மூன்று மணி வையுங்கள். தோஹா, துபாய் வழி என்றால் இந்த வேலை பாரிஸில் நடக்கும், அடுத்த விமானத்தைப் பிடிக்கும் பதற்றம் இல்லை.

கோப்பு_கவனம்:
விசா பகுதியை நான் சொல்கிறேன்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். இந்த 15 நாளை நம்பாதீர்கள். முடிவெடுக்க 15 நாள் என்பது 45 நாள் வரை நீளலாம். மே மாதப் பயணத்துக்கு மார்ச், ஏப்ரலில் விசா விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் கொடுத்துவிடுங்கள். பிரான்ஸ் என்றால் முதலில் 'ஃபிரான்ஸ் விசாஸ்' அரசுத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம் நிரப்பி, அதன் பிறகே வி.எஃப்.எஸ். நேரம் வாங்க வேண்டும். கட்டணம் 12 வயதிலிருந்து 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. உங்கள் நால்வருக்கு 315 யூரோ, அதற்கு மேல் மையத்தின் சேவைக் கட்டணம். 12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது.

பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாக, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், ஏறும் நாளும் இறங்கும் நாளும் சேர்த்து.

நிராகரிப்புக்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் காகிதங்கள் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பது. திட்டத் தாளில் ரோம் 4 இரவு, ஓட்டல் பதிவில் 3. விமானம் 14-ஆம் தேதி, விடுப்புக் கடிதம் 12 வரை. ஓட்டல் உறுதிச் சீட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருந்து மற்ற மூவர் எங்கே தங்குவார்கள் என்று தெரியாமல் இருப்பது. முன்பதிவு செய்யும்போதே நால்வர் பெயரையும் பிள்ளைகளின் வயதையும் போடுங்கள். பிள்ளைகளை மறைத்து இருவர் அறை எடுத்தால் அங்கே போன பிறகும் தகராறுதான், பல ஓட்டல்கள் அறைக்கு இத்தனை பேர் என்பதில் விட்டுக்கொடுக்காது. ஓட்டல் எல்லாம் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். விமானத்துக்கு இப்போதைக்கு முன்பதிவுச் சீட்டு போதும். விசா வரும் முன் திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

பணத்துக்கு வங்கி முத்திரை, கையெழுத்தோடு கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு. பிரான்ஸ் ஓட்டல் பதிவு உள்ளவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ என்ற அளவை வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் வாரத்தில் மூன்று லட்சத்தைக் கொண்டுவந்து கணக்கில் போடுவது உதவாது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத்தான் கிளப்பும். மாதாமாதம் பணம் வந்துபோகும் சம்பளக் கணக்கே மேல். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று, பள்ளியின் விடுமுறைக் கடிதம், பெற்றோர் இருவர் கையெழுத்து.

சர்நேம் விஷயம். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். விமான டிக்கெட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். பணம் கட்டும் முன் அந்த விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். வழியில் துபாயில் இறங்கி ஊர் பார்க்கும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பெயரைப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் எடுப்பதானால் இப்போதே எடுங்கள், விசா ஒட்டிய பிறகு வேண்டாம்.

விசா கைக்கு வந்ததும் மையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், தங்கும் நாட்களின் எண்ணிக்கை நாலையும் சரிபாருங்கள். 'எத்தனை நாள்' என்ற எண்ணும் 'எந்தத் தேதி வரை' என்பதும் வேறு வேறு.

தூண்_ஏரிக்கரை:
வணக்கம் அக்கா. சுவிஸ் பகுதிக்கு மட்டும் பதில்.

4 இரவு நிற்கிறீர்கள், மலை உச்சி ரயில் நிலையமான யுங்ஃபிராவ்யோகுக்குக் கட்டாயம் போவீர்கள் என்றால் சுவிஸ் டிராவல் பாஸ் (ரயில், பஸ், கப்பலுக்கான நாள் கணக்கு அட்டை) வேண்டாம், அரைக் கட்டண அட்டை எடுங்கள். இங்கே நாங்கள் ஹால்ப்டாக்ஸ் என்போம், சுற்றுலா வருபவர்களுக்கு ஒரு மாத அட்டையாகக் கிடைக்கும். இன்டர்லாகனிலிருந்து மேலே போய்வரப் பெரியவருக்கு முழு விலை 200 ஃபிராங்குக்கு மேல். அரைக் கட்டண அட்டை அதை அப்படியே பாதியாக்கும். டிராவல் பாஸ் கிரிண்டல்வால்ட், வெங்கன் வரைதான் இலவசம், அதற்கு மேல் 25 சதவீதம் மட்டும் கழிவு. தினமும் லுட்சர்ன், பேர்ன், ஏரிக் கப்பல் என்று ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்குப் பாஸ் லாபம். ஒரு பெரிய மலையும் மூன்று நாள் பள்ளத்தாக்குமாக இருப்பவர்களுக்கு லாபமில்லை. எதை எடுத்தாலும் சுவிஸ் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு ரயில், பஸ், கப்பலில் காசில்லாமல் போகலாம்.

யுங்ஃபிராவ் ரிக்கற்றை ஊரிலிருந்தே நாள் குறித்து வாங்காதீர்கள். மேலே 3454 மீற்றர். முகில் மூடினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். நாலு நாளில் எந்த நாளும் போகலாம் என்று திட்டத்தைத் திறந்து வையுங்கள், காலையில் எழும்பி நேரலைக் கமெராவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மே மாதத்திலும் மேலே உறைகுளிர், குளிர்ச் சட்டை, கையுறை, நல்ல சப்பாத்து வேண்டும். பிள்ளைகளை மேலே ஓடவிடாதீர்கள், உயரத்தில் தலையிடி வரும்.

தங்குமிடம் இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்துக்குக் கிட்ட, அல்லது ஒரு தரிப்பு தள்ளி வில்டர்ஸ்வில். மலை ரயில்கள் ஓஸ்டில்தான் தொடங்கும், வெஸ்டில் அல்ல. ஞாயிறு கடைகள் பூட்டு, சனி மாலையே பாலும் பாணும் வாங்கி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், போத்தல் வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம்.

மலர்_கோவை:
5, 4, 4 என்றே முடிவு செய்துவிட்டோம். மிக்க நன்றி. இனி ஊர்களுக்கு இடையிலான ரயிலும், லூவர், கொலோசியம் டிக்கெட்டும்?

தண்டவாளம்:
உங்களுக்கு நீண்ட ரயில் பயணம் இரண்டே இரண்டு. அதற்கு பல நாட்டு ரயிலுக்கும் பொதுவான யூரெயில் பாஸ் தேவையில்லை. பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு வாங்குவார்கள்.

பாரிஸ் கார் து லியோன் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. லீரியா அதிவேக ரயிலில் சுவிஸின் பாஸல் சுமார் 3 மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாகன் ஓஸ்ட் 2 மணி நேரம். ரோமுக்குப் போக ஸ்பியெட்ஸில் மாறி மிலானோ சென்ட்ராலே, பிறகு ஃப்ரெச்சாரோஸ்ஸா அதிவேக ரயிலில் ரோமா டெர்மினி சுமார் 3 மணி. மிலானில் இரண்டு தனி டிக்கெட்டுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். மலிவான இத்தாலிய டிக்கெட்டுகளை மாற்றவோ திருப்பவோ முடியாது, ரயிலை விட்டால் முழு விலையில் புதிதாகத்தான். விசா வந்த அன்றே இவற்றை வாங்கிவிடுங்கள், விமானம் போல நாளாக ஆக ஏறும். இத்தாலியில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், 'ஷோப்பெரோ' என்று முன்பே அறிவிப்பார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு.

லூவர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனை திங்கள் விடுமுறை. மே 1 அன்று லூவர் கிடையாது. ஐரோப்பியர் அல்லாதவருக்கு லூவர் 2026 ஜனவரி 14 முதல் 32 யூரோ, 18 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் பிள்ளைகளுக்கும் நேரச் சீட்டு எடுங்கள். ஈஃபில் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு திறக்கும். கொலோசியம் 30 நாள் முன்பு, டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்து இலவசமாக விட்டாலும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளோடு போகாதீர்கள். புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பதால் புனித பேதுரு பேராலயத்தை அன்று பிற்பகலுக்கு வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

கோப்பு_கவனம்:
ஒரு சேர்க்கை. கார்டு தேய்க்கும் இயந்திரம் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்டால் எப்போதும் யூரோ, சுவிஸில் ஃபிராங்க். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததே மாற்று விலை. பாரிஸ் மெட்ரோவில் நாவிகோ ஈஸி என்ற பயண அட்டை ஆளுக்கொன்று வேண்டும், ஒன்றை இருவர் பகிர முடியாது. ரோமில் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம். திரும்பும் நாளில் ஃப்யூமிசினோ விமான நிலையத்துக்கு ரயில் ஆளுக்கு 14 யூரோ, நகரின் பழைய மதில்களுக்குள்ளிருந்து டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55. நால்வரும் பெட்டிகளும் என்றால் டாக்ஸி எடுங்கள், வெள்ளை நிற வண்டி, ஏறும் முன்பே கட்டணத்தைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பாரிஸில் இட்லி, தோசை தேடினால் கார் து நோர் நிலையத்தின் பின்னால் லா சப்பல். அந்தத் தெருவில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளே வழிகாட்டும்.