புதுப்பிப்பு: பழைய ஆபீஸ் பில்டிங் ஸ்கூலாகுதே, அது என்னாச்சுன்னா
கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதிப் பக்கம் பழைய ஆபீஸ் பில்டிங்க ஸ்கூலா மாத்தறாங்களே, ஸ்லாப் தாங்குமான்னு முன்ன கேட்டிருந்தனுங்க. இன்ஜினியர் வந்து பாத்துட்டாருங்க. கிளாஸ்ரூம்னா சதுர மீட்டருக்கு 300 கிலோ கணக்கு, அது பரவால்ல, ஆனா வராண்டா, படிக்கட்டுக்கு 400 கிலோ வேணுமாம், பெல் அடிச்சா அத்தன புள்ளைகளும் ஒரே நேரத்துல அங்கதான வந்து நிக்கும், அதனால அங்க பீம் போட்டு பலப்படுத்தறாங்க. வெளிப்பக்கமா ரெண்டாவது படிக்கட்டு கட்டியே ஆகோணும்னு பெத்தவங்க எல்லாஞ் சேந்து ஒத்தக்கால்ல நின்னோம், 2004ல கும்பகோணத்துல 94 குழந்தைக கருகுனத மறக்க முடியுமுங்களா? ஒத்துக்கிட்டாங்க. கேபின் தடுப்பெல்லாம் எடுத்தாச்சு, நல்ல வெளிச்சம். வெளையாடத்தான் எடமில்ல. மொட்டமாடிய சொல்றாங்க, எனக்கு சம்மதமில்லீங்க, பின்னாடி பார்க்கிங் எடத்தக் கேட்டிருக்கோம்.