ஹைலக்ஸ் ஒட்டோ கியர்பொக்ஸ் ஒயில்: சரிவான முற்றத்தில் மட்டம் பிடிப்பது எப்படி?

கந்தப்பளை மரக்கறி
2013 வீகோ, 3.0 டீசல், 5 ஸ்பீட் ஒட்டோ. லீக்ஸ், கோவா ஏற்றி ரம்பொடை வழியாக இறங்கி ஏறும் வண்டி. ஒயில் கறுத்துவிட்டது; வீட்டிலேயே மாற்றப் போகிறேன். டிப்ஸ்டிக் இல்லை. எத்தனை லீற்றர் வாங்க வேண்டும்? முற்றம் சரிவு, அதுதான் யோசனை. காலைக் குளிரில் மேல் கியருக்கு மாறவும் சுணங்குகிறது.

நானுஓயா பாஸ்
தம்பி, குளிரில் சுணங்குவது பழுதில்லை. இஞ்சின் சூடேறும்வரை கம்ப்யூட்டரே மேல் கியருக்கு மாறவிடாமல் பிடித்து வைக்கும்.

ஒயில் டொயோட்டா டபிள்யூ.எஸ். மட்டும். டி-4, டெக்ஸ்ரொன் எதையும் கலக்க வேண்டாம். ஒரு தடவை வடித்தால் ஏறக்குறைய 3 லீற்றர்தான் வரும், மிச்சம் டோர்க் கன்வேர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். இப்போதைக்கு 4 லீற்றர் வாங்குங்கள்.

கழற்றும்போது முதலில் பக்கத்திலுள்ள ஊற்றும் நட்டை இளக்கிப் பாருங்கள். அது இறுகிக் கிடக்க, கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடித்ததை அளவுப் போத்தலில் அளந்து, அதே அளவை ஹேண்ட் பம்பால் உள்ளே விடுங்கள். வொஷர் புதிது போடுங்கள். இறுக்கும் அளவு, வடிக்கும் நட்டுக்கு 20 நியூட்டன் மீற்றர், ஊற்றும் நட்டுக்கு 39. கியர்பொக்ஸின் அடியிலுள்ள ஒயில் பேனைக் கழற்றினால் அதன் போல்டுகளுக்கு 4.4 தான், கை பலத்தில் இறுக்கினால் பேன் வளைந்து கசியும். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை. இரும்புச் சில்லு இருந்தால் ஒயில் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஹட்டன் டீசல்
சரிவுதான் இதில் பெரிய விஷயம். முன்பக்கம் மட்டும் ஜெக் போட்டுத் தூக்கினால் மட்டம் பொய் சொல்லும். ஹைலக்ஸ் உயரத்துக்கு ஜெக்கே தேவையில்லை, படுத்துப் போகலாம். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் வாங்கி நாலு டயரும் நிற்கும் தரையை அளந்து, தாழ்ந்த பக்கத்துக்கு அகலப் பலகை வையுங்கள். டயருக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக் இரண்டும் கட்டாயம்.

பிறகு ஏசியை நிறுத்தி ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் காலை வைத்தபடி பி முதல் டி வரை ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி பி-க்கு வாருங்கள். அந்த நேரம் வண்டிக்கடியில் யாரும் இருக்கக் கூடாது. ஸ்கேனரில் ஒயில் சூடு 46 முதல் 56 பாகைக்குள் வந்ததும், இஞ்சின் ஓடும்போதே, ஒயில் மட்டம் பார்க்கவென்று தனியாக உள்ள செக் நட்டைத் திறவுங்கள். நூல் போல ஒழுகி, சொட்டாகக் குறையும்போது மூடிவிட வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் மேலே இன்னும் ஊற்ற வேண்டும்.

கந்தப்பளை மரக்கறி
ஸ்கேனர் இல்லாமல், ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் சரி வராதா அண்ணே?

ஹட்டன் டீசல்
வராது. ரம்பொடை ஏறி வந்த ஒயில் விரிந்திருக்கும். தேவைக்கு மேல் ஒழுகி, ஆறியதும் குறையாக நிற்கும். அப்புறம் ஏற்றத்தில் கியர் வழுக்கும். நுவரெலியாக் குளிரில் ஆறிய ஒயிலில் பார்த்தால் நேர்மாறு: அளவு கூடி, சூடானதும் நுரைக்கும். மலிவான புளூடூத் ஸ்கேனர் போதும், ஆனால் அது கியர்பொக்ஸ் ஒயில் சூட்டைக் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இஞ்சின் தண்ணிச் சூடு வேறு.

நானுஓயா பாஸ்
மெஷின் வைத்து ஃபிளஷ் செய்ய வேண்டாம். சில நாள் ஓடவிட்டு, இதே மாதிரி இன்னும் இரண்டு தடவை வடித்து ஊற்றினால் பாதிக்கு மேல் புதிதாகிவிடும். கருகல் வாடை அடித்து, ஏற்றத்தில் இப்போதே வழுக்கினால் மட்டும் முதலில் கிளச் தட்டுகளைப் பார்க்க வேண்டும். பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். எங்கள் நானுஓயாத் தண்ணீர் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. கேனில் அடைத்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.