நமீபியாவில் முதல் வேட்டை: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வரும் ஜூலையில் நானும் கணவரும் முதன்முறையாக நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகிறோம். குடூ, ஓரிக்ஸ் மான்கள்தான் இலக்கு. இவற்றுக்குக் குறைந்தது 2700 ஜூல் ஆற்றலுள்ள தோட்டா வேண்டும் என்பது அங்குள்ள விதி. எங்கள் 308 ரகத் தோட்டா போடும் துப்பாக்கி போதும்.

கவலையெல்லாம் அங்கே பயன்படுத்தும் முக்கவைக் கழி, அதாவது மூன்று கால் தாங்கிதான். அதில் துப்பாக்கியைத் தாங்கி, நின்றபடியே சுட வேண்டும். மேசையில் ஊன்றிச் சுட்டே பழகிய எனக்கு நேற்று நூறு மீட்டரில் ஐந்துக்கு மூன்று தவறியது. கணவர் வாய்க்குள் சிரித்தார், அவருக்குத் தவறியதோ நான்கு! ஓரிக்ஸின் இதயமோ மார்பில் மிகத் தாழ்வாக இருக்கிறது. மான் காயத்தோடு ஓடிவிட்டாலும் அதற்கான முழுப் பணம் கட்ட வேண்டுமாம். பணம் போகட்டும், அந்த உயிர் படும் பாடு?

கழியில் எப்படிப் பழகினீர்கள்? இருவருக்கும் ஒரே வழிகாட்டி போதுமா, தனித்தனியாக வேண்டுமா?