கிளிசரின் சோப்பு வியர்க்கிறது, குப்பைமேனிச் சோப்பில் கரும்புள்ளி: எங்கே தவறினேன்?

கடலூர்க்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஐப்பசியில் ஒரு கிலோ கிளிசரின் சோப் பேஸ் (உருக்கி அச்சில் ஊற்றுவதற்கென்றே விற்கும் சோப்புக் கட்டி) வாங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, மூன்று விதமாகச் சோப்பு செய்தேன். ஒன்றில் எதையும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் சமையலுக்கு வைத்திருந்த மஞ்சள்தூளையும், மூன்றாவதில் கொல்லையில் பறித்த குப்பைமேனி இலையை அரைத்துப் பிழிந்த சாற்றையும் சேர்த்தேன். சீக்கிரம் இறுகட்டும் என்று அச்சுகளை ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

வெளியே எடுத்த மறுநாளே மூன்றின் மீதும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. மஞ்சள் சோப்பு செங்கல் நிறமாகிவிட்டதோடு, தூளெல்லாம் அடியில் வண்டலாகப் படிந்திருக்கிறது. குப்பைமேனிச் சோப்பில் பத்தாம் நாள் கரும்புள்ளிகள் தோன்றின. முகர்ந்தால் ஊறி அழுகிய தழையின் வாடை. என் நான்கு வயது மகளுக்கு முழங்கை மடிப்பில் அடிக்கடி தடிப்பும் அரிப்பும் வருவதால், அவளுக்காகவே ஆசையாகச் செய்தது இது. புள்ளிகளைச் சீவிவிட்டுப் பயன்படுத்தலாமா? அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

மதுரைத் திண்ணை எழுதியது:

சகோதரி, புள்ளி விழுந்த சோப்பைச் சீவ வேண்டாம், அப்படியே எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கு அப்பாலும் பூஞ்சை பரவியிருக்கும். கடையில் வாங்கும் பேஸ் ஏற்கெனவே முழுமையாகச் சோப்பாகிவிட்ட பொருள்; அதில் இருக்கும் நீருக்கும் கிளிசரினுக்கும் ஏற்ற அளவில்தான் கெடாமல் இருக்கும்படி தயாரித்திருக்கிறார்கள். நாம் இலைச்சாறு, கற்றாழைச் சோறு, பால், தயிர் என்று எதை ஊற்றினாலும் பூஞ்சைக்கு நீரும் உணவும் சேர்த்துப் பரிமாறுகிறோம். நானும் முதல் ஆண்டில் கற்றாழை சேர்த்து ஒரு தட்டு நிறையச் சோப்பைக் குப்பையில் கொட்டியவள்தான். ஆட்டுப்பால் வேண்டுமென்றால் ஆட்டுப்பால் பேஸாகவே வாங்கிவிடுங்கள். மூலிகை வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நன்றாக உலர்ந்த பொடியை மெல்லிய துணியில் சலித்து, அரைக் கிலோ பேஸுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் சேருங்கள். கூடுதலாக எண்ணெய் சேர்ப்பதற்கும் அதே அளவுதான். மிஞ்சினால் நுரை குறையும், சோப்பும் பிசுபிசுக்கும்.

தூள் படிந்ததற்குக் காரணம், பேஸ் நீர்போல இளகி இருக்கும்போதே அச்சில் ஊற்றியது. பொடியை முதலில் சில துளிக் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, உருகிய பேஸில் கலந்து, அடுப்பிலிருந்து இறக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். சூடு ஏறத்தாழ 50 டிகிரிக்கு இறங்கும்போது கரண்டியிலிருந்து பாகு போலக் கனத்து வழியும், மேலே மெல்லிய ஆடையும் படரத் தொடங்கும். அதுதான் ஊற்றும் பதம். மேலே குமிழிகள் நின்றால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை (ஊசி போடும்முன் தோலைத் துடைக்கும் ஆல்கஹால்) ஒருமுறை தெளியுங்கள், உடனே உடைந்துவிடும். தெளிக்கும்போது அருகில் அடுப்பு எரியக் கூடாது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதியது:

நிறம் மாறியதற்கும் நீர் கோத்ததற்கும் காரணம் சொல்கிறேன், அம்மா. சோப்பு காரத்தன்மை உடையது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் செம்பழுப்பாகும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள்நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே வினைதான் உங்கள் அச்சிலும் நடந்தது. ஆகவே சோப்பு கெடவில்லை. ஆனால் மஞ்சள் நிறமே வேண்டுமென்றால், சோப்புக்கென்று விற்கும் நிறமிதான் வழி.

கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள்; கடலோர ஊரில், அதுவும் அடைமழை மாதத்தில், அது சும்மா இருக்காது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த சோப்பின்மேல் ஈரம் இன்னும் வேகமாகப் படியும். எனவே அறையிலேயே இறுக விடுங்கள். அச்சிலிருந்து எடுத்த அன்றே, நீர் கோக்கும் முன்பாக, கிளிங் ஃபிலிமில் (உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) காற்றுப் புகாமல் இறுகச் சுற்றி வையுங்கள். உருக்கும்போதும் 70 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கொதித்தால் பேஸின் நீர் ஆவியாகி, சோப்பு மங்கலாகவும் ரப்பர் போலவும் ஆகிவிடும்.

குழந்தையைப் பற்றி ஒரு சொல். குளிக்கும் சோப்பு தோலில் தங்குவது சில நொடிகளே. அதில் கலந்த மூலிகை தடிப்பைக் குணப்படுத்தும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். மடிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவளுக்கு எந்தச் சோப்பையும், வீட்டில் செய்ததேயானாலும், அழுத்தித் தேய்க்காதீர்கள். வாசனை எண்ணெய் அறவே வேண்டாம்.

கடலூர்க்காரி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குப்பைமேனிச் சோப்பை அப்போதே எறிந்துவிட்டேன். மகளை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். நீர் கோத்த வெறும் சோப்பையும் மஞ்சள் சோப்பையும் மீண்டும் உருக்கி ஊற்றலாமா?

மதுரைத் திண்ணை எழுதியது:

தாராளமாக. உலர்ந்த பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டையும் தனித்தனியாக உருக்குங்கள். பலமுறை உருக்கினால் நீர் வற்றிக் கெட்டியாகும், ஆகவே இந்த ஒரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால், சுற்றி வைக்கும்வரை சோப்பு உலர்வாகவே இருக்கும்.